மாடல் காரை அடுத்தவர் கையில் கொடுத்தபோது: உங்கள் அனுபவங்கள்

தொப்பூர்க்காரன்

கிட், பெயிண்ட் விவரமெல்லாம் நீட்டவில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். பாகங்களை ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் கிட், டமியா (ஜப்பான் கம்பெனி) போட்ட 1/24 (நிஜ வண்டியில் 24-ல் ஒரு பங்கு) சுபாரு இம்ப்ரெசா, ராலி வண்டி. நீலம் அடித்து, டீக்கால் (வண்டி மேல் ஒட்டுகிற ஸ்டிக்கர்) ஒட்டி முடித்து, கடைசியாகப் புழுதி வேலை. அதற்கு நம்ம தருமபுரிச் செம்மண்தான். பழைய வேட்டித் துணியில் சலித்து, சக்கர வளைவுக்குப் பின்னால் கெட்டியாகவும் கதவில் மேலே போகப் போக மெலிசாகவும் பூசியிருந்தேன். மேலே கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்தால் மண்ணின் நிறம் இருண்டு, பாதி காணாமலே போய்விடும். அதனால் அப்படியே விட்டிருந்தேன்.

பைபாஸ் ஓரத்தில் ஒரு வாட்டர் சர்வீஸ். என் நிஜ வண்டியைக் கழுவ விட்டுவிட்டு மாடல் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், போகிற வழியில் நண்பர் ஒருவரிடம் காட்டுவதாக இருந்தது. அங்கே வேலை செய்கிற பெரியவர், லாரி கழுவியே கை வெளுத்துப்போனவர், "என்ன சாமி அது, காட்டு" என்றார். கொடுத்தேன்.

ஒரு பக்கம் பார்த்தார். திருப்பினார். தோளில் கிடந்த ஈரத்துணியை எடுத்து டிரைவர் பக்கக் கதவை ஒரே இழுப்பாகத் துடைத்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் துணி பின் கதவுக்குப் போய்விட்டது.

"இவ்ளோ அழகா வண்டி வச்சிருக்க, கழுவாம வச்சிருக்கியே."

பிடுங்கி டப்பாவில் வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் சங்கடப்படவே இல்லை. "வேணும்னு பூசினதா? அப்ப பின்னாடி கண்ணாடியில ஏன் பூசல? மண் ரோட்டுல ஓடுன வண்டிக்கு மொதல்ல மூடுறது அதுதான். முன்னாடி காத்து தள்ளிடும், பின்னாடி சுருட்டி இழுத்து ஒட்டும்" என்றார். சொல்லிக்கொண்டே என் நிஜ வண்டியின் டிக்கியைக் காட்டினார். அப்படித்தான் இருந்தது.

துடைத்த கதவுகளை இன்னும் தொடவில்லை. திரும்பப் பூசுவதா வேண்டாமா என்று முடிவும் பண்ணவில்லை. உங்களுக்கும் இந்த மாதிரி யாராவது, இந்த வேலைக்குச் சம்பந்தமே இல்லாத ஆள், ஏதாவது செய்தோ சொல்லியோ மனசில் நின்றிருக்கிறதா?

கல்லுப்பட்டறை

எனக்கு என் மாமா. கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பாலிஷ் வேலை.

நிசான் ஸ்கைலைன் ஆர்34, கறுப்பு. கறுப்பு அடித்தவர்களுக்குத் தெரியும், ஒளித்து வைக்க இடமே கிடையாது. கிளியர் காய்ந்ததும் ஆரஞ்சுத் தோல் மாதிரி பொரிப்பொரியாக இருந்தது. 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, பாலிஷ் காம்பவுண்ட் போட்டு, பளபளவென்றுதான் இருந்தது. மாமா சாப்பிட வந்தவர், கை கழுவிய ஈரம் காய்வதற்குள் அதை எடுத்து ட்யூப்லைட்டுக்குக் கீழே பிடித்தார். வண்டியைப் பார்க்கவே இல்லை. பானட்டில் விழுந்த ட்யூப்லைட்டின் ஓரத்தை மட்டும் பார்த்தார்.

"ஓரம் ஆடுது பாரு. பளபளப்பு வேற, மட்டம் வேற. மட்டம் வராம பளபளப்பு வாங்கியிருக்க."

அப்புறம் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பாடம் ஆரம்பித்தது. ஒரு தாள் போட்ட கோட்டை அதற்கு அடுத்த தாள்தான் எடுக்கும், நடுவில் ஒன்றைத் தாண்டினால் கோடு உள்ளேயே உட்கார்ந்துகொண்டு கடைசி பாலிஷில் எழுந்து வரும். ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்று. முதலில் குறுக்கே தேய்த்தால் அடுத்தது நெடுக்கே. குறுக்குக் கோடு ஒன்றுகூட இல்லாதபோதுதான் அந்தத் தாள் முடிந்தது. நடுவில் கழுவு, பழைய தாளின் ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் போச்சு. கல்லுக்கும் இதேதானாம்.

அவருக்குத் தெரியாத ஒன்று, கல்லுக்கு மேல் பெயிண்ட் கிடையாது. நமக்குக் கதவு மடிப்பு, கூரை விளிம்பு எல்லாவற்றிலும் பெயிண்ட் மெலிசாகத்தான் நிற்கும், தேய்த்தால் முதலில் பிளாஸ்டிக் தெரிவது அங்கேதான். விளிம்பில் டேப் ஒட்டிக்கொண்டு, நடுப்பகுதியை மட்டும் அவர் சொன்னபடி செய்தேன். இப்போது எந்த மாடலை எடுத்தாலும் ட்யூப்லைட்டைத்தான் பார்க்கிறேன். போட்டியில் பரிசு வாங்கிய வண்டிகளின் படத்தைப் பார்த்தால்கூட பானட்டில் விழுந்த விளக்குக்குத்தான் கண் போகிறது. நிம்மதி போச்சு.

ஓசூர் 24

தொப்பூர்க்காரன், கதை நல்ல கதை. செம்மண் விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. துணியில் சலித்த மண்ணில் 0.1 மில்லிமீட்டர் துகள் தாராளமாக இருக்கும். 24-ஆல் பெருக்குங்கள், 2.4 மில்லிமீட்டர். நிஜக் கதவில் அது புழுதியே இல்லை, எம்-சாண்ட். உங்கள் பெரியவர் துணியை எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மண்தான் வேண்டும் என்றால் சலிக்காதீர்கள், கரையுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் மண்ணைப் போட்டுக் கலக்கி, கொஞ்ச நேரம் விட்டால் கனமான துகள் அடியில் உட்காரும். மேலே நிற்கிற கலங்கல் தண்ணீரை மட்டும் வேறு பாத்திரத்தில் இறுத்து, அதை அசையாமல் வைத்துத் தெளியவிட்டு, அடியில் தங்கிய வண்டலைக் காயவைத்துப் பொடியாக்கினால் முகப்பவுடர் பதத்தில் வரும். அதைத் தூரிகையால் வைத்துவிட்டு, எனாமல் தின்னரை ஒரு சொட்டு தொட்டால் ஒட்டிக்கொள்ளும், ஈரத்துணி இழுப்புக்கெல்லாம் அவ்வளவு சீக்கிரம் வராது. ஆனால் பெயிண்ட் இல்லாத வெறும் பிளாஸ்டிக்கில், அதுவும் இழுவையில் நிற்கிற ஆக்சில், சஸ்பென்ஷன் பக்கம், எனாமல் தின்னர் தேங்க விடாதீர்கள். நொறுங்கிவிடும்.

பின் கண்ணாடி பற்றி அவர் சொன்னது சரி. வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் புழுதி அங்கே சுழன்று ஒட்டுகிறது. ஆனால் பின் வைப்பர் உள்ள வண்டி என்றால் விசிறி வடிவத்தில் சுத்தமான இடம் ஒன்று விடவேண்டும், அந்த வடிவத்துக்கு மாஸ்கிங் டேப்பை வெட்டி ஒட்டிவிட்டு மண்ணைப் பூசினால் வேலை சுலபம்.

என் அனுபவம் சின்னது. பெங்களூரில் லாக்கர் பெயிண்டுக்கான தின்னர் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். மூடி சரியாக இறுகவில்லை போல, பொம்மனஹள்ளி தாண்டுவதற்குள் பக்கத்து சீட் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கண்டக்டர் வந்து பையைத் திறக்கச் சொன்னார். மேலே ஒரு கார் பாடி, விரல் நீளக் கூரை, பிரைமர் (அடிப்பூச்சு) மட்டும் அடித்தது. அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே இருந்த பாட்டிலைக் காட்டி, முகத்தில் சிரிப்பே இல்லாமல், "இதுக்கா பெட்ரோல்?" என்றார். அத்திப்பள்ளியில் இறக்கிவிட்டார்கள். அவர் செய்தது சரிதான், எரியக்கூடிய சரக்கு. ஆனால் பஸ் முழுக்கச் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

ஹேண்ட்கியர்

பென்னாகரம். அப்பா ஒகேனக்கலுக்கு டாக்ஸி ஓட்டியவர், அம்பாசடர். இப்போது வண்டியும் இல்லை, அந்தக் கம்பெனியும் 2014-லேயே உத்தர்பாராவில் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

டமியாவோ ஹாசெகவாவோ நம்ம அம்பாசடருக்குக் கிட் போட்டதில்லை. அதனால் கடையில் கிடைக்கிற, பின்னால் இழுத்துவிட்டால் ஓடுகிற பொம்மை அம்பாசடர் ஒன்றை வாங்கிப் பிரித்தேன். மோட்டாரைக் கழற்றி, பிசிறுகளைச் சீவி, கிரில்லின் பள்ளங்களில் கறுப்பு வாஷ் (நீர்க்கக் கரைத்த பெயிண்ட்) விட்டு, பம்பருக்கு வெள்ளித் தாள் ஒட்டி, வெள்ளை அடித்து அப்பா கையில் கொடுத்தேன். நிஜ வண்டி 4.3 மீட்டர், 24-ல் வகுத்தால் 18 சென்டிமீட்டர் வரவேண்டும். பொம்மை அந்தக் கணக்குக்கெல்லாம் நிற்காது, அது எனக்குத் தெரியும். அப்பா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார்.

"கியர் எங்கடா?"

சொல்லிக்கொண்டே இடது கை மேலே போனது. ஸ்டியரிங்குக்குக் கீழே, காற்றில், ஒரு கம்பியைப் பிடித்த மாதிரி விரல்கள் மடங்கி, தன்பக்கம் இழுத்து, கீழே தள்ளி, கொஞ்சம் நின்று, மேலே போனது. கால் கிளட்சை மிதித்தது. பேச்சு வேறு எங்கோ போய்விட்டது, கை மட்டும் கணவாய் ஏறுகிற மாதிரி இரண்டு, மூன்று, திரும்ப இரண்டு என்று போட்டுக்கொண்டிருந்தது. அவர் வண்டியில் முன்பக்கம் ஒரே நீள சீட், கியர் ஸ்டியரிங் தண்டில். தரையில் ஒன்றும் கிடையாது, அதனால்தான் முன்னால் மூன்று பேர் உட்கார முடிந்தது.

பழைய கிட்டில் மிஞ்சிய ஸ்ப்ரூவை (பாகங்களைத் தாங்கியிருக்கிற பிளாஸ்டிக் குச்சி) மெழுகுவர்த்திக்கு மேலே காட்டி, தொய்ந்ததும் வெளியே எடுத்து மெதுவாக இழுத்தால் நூல் மாதிரி வரும். வேகமாக இழுத்தால் மெலிசு, மெதுவாக இழுத்தால் தடிமன். அதில் ஒரு துண்டை வெட்டி, முனையில் பசை ஒரு சொட்டு வைத்துக் குமிழாக்கி, தண்டின் இடப்பக்கம் ஒட்டினேன். கண்ணாடி மாட்டிய பிறகு அது வெளியே தெரிவதில்லை. அப்பாவுக்கு மட்டும் டார்ச் அடித்துக் காட்ட வேண்டும்.

ராயக்கோட்டை தக்காளி

நான் சொல்லப்போவது கொடுத்த கதை இல்லை, கொடுத்துக் கெட்ட கதை. என்னிடம் ஏர்பிரஷ் (பெயிண்ட் தூவுகிற சின்ன கருவி) இல்லை. ஒரு டிங்கரிங் பெயிண்டிங் பட்டறையில் பாடியைக் கொடுத்து, "அண்ணா, ஒரு கை அடிச்சிடுங்க" என்றேன். நிஜ கார்களுக்கு அவர் அடிப்பதைப் பார்த்திருக்கிறேன், மகா கைக்காரர். பிளாஸ்டிக், மெல்ல அடியுங்கள் என்று சொல்லத்தான் செய்தேன். "பம்பரும் பிளாஸ்டிக்குதான தம்பி" என்று சிரித்துவிட்டு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டில் தின்னரை ஊற்றி ஸ்ப்ரே கன்னைப் பிடித்தார்.

ஈரமாக விழுந்தது. முதலில் அழகாகப் பளபளத்தது. அப்புறம் கூரை நடுவில் ஒரு சுருக்கம். என் கண் முன்னாலேயே அது நடந்து நடந்து முன் கண்ணாடித் தூண் வரைக்கும் போனது. இரண்டு பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டே நின்றோம். காசு வாங்கமாட்டேன் என்றார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஓசூர் 24

தக்காளி அண்ணா, பம்பர் வேறு, கிட் வேறு. நிஜ பம்பர் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், தின்னருக்கு அசையாது. நம்ம கிட் பாலிஸ்டைரீன், என்.சி. தின்னரில் இருக்கிற டொலுயீன் வகையறாவில் கரைந்தே போகும். நாம் பாகம் ஒட்டுகிற மெல்லிய சிமென்ட்டும் இதே வேலையைத்தான் செய்கிறது, அது பசையே இல்லை, இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்குகிற கரைப்பான். ஆக உங்கள் பெயிண்டர் கூரைமேல் சிமென்ட் அடித்திருக்கிறார். முதலில் மாடலுக்கென்று இருக்கிற பிரைமரை மூடுபனி மாதிரி மெலிசாக, காயவிட்டுக் காயவிட்டு அடித்திருக்க வேண்டும். மழைநாளில் லாக்கர் பெயிண்ட் வேண்டவே வேண்டாம். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதில் படிந்து பால் மாதிரி வெளுக்கும். ஓசூரில் எனக்கு ஆடி, ஆவணி முழுக்க இதே பாடு. பழைய பெயிண்டை எடுக்க பிரேக் ஆயிலில் ஊறப்போடலாம்.

அரூர் அக்கா

தம்பி ஓசூர், அவர் கேட்டாரா? காசு வாங்காததுதான் கஷ்டம் என்று எழுதியிருக்கிறார், நீங்கள் டொலுயீன் சொல்கிறீர்கள். பிரேக் ஆயிலும் வேண்டாம், அதிக நேரம் விட்டால் பிளாஸ்டிக் மொறுமொறுத்துவிடும், கைக்கும் ஆகாது. அக்ரிலிக்காக இருந்தால் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலே போதும். சரி, நானும் அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

எனக்கு நடந்தது ஃபேன்ஸி ஸ்டோரில். அரூரில் நம்ம வேலைக்கான சாமான் எங்கே கிடைக்கும்? நகம் சம்பந்தமான எல்லாமே நமக்கு ஆகும். மெல்லிய கோடு போடுகிற நெயில் ஆர்ட் தூரிகை பேனல் கோட்டுக்கு (கதவு, பானட் ஓர இடுக்கு), வளைந்த ட்வீசர் டீக்காலுக்கு, நான்கு பக்க பஃபர் (நகத்தைத் தேய்த்துப் பளபளக்க வைக்கிற கட்டை) ஹெட்லைட் கண்ணாடிக்கு. மினி கூப்பர் செய்துகொண்டிருந்தேன், சூப்பர் க்ளூ ஆவி பட்டு ஹெட்லைட் வெள்ளையாகப் பூத்திருந்தது. பஃபரின் நான்கு பக்கமும் வரிசையாகத் தேய்த்தால் தெளிந்துவிடும் என்று கூடை நிறைய எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனேன்.

பில் போடுகிற பெண், "அக்கா, வீட்ல கல்யாணமா?" என்றாள். இல்லைம்மா, எனக்குத்தான் என்றேன். காசு நீட்டிய கையைப் பிடித்தாள். கட்டைவிரலில் காய்ந்த பசை, ஆட்காட்டி விரல் நுனியில் தாளில் தேய்ந்த தோல், நகக்கண் அத்தனையிலும் சாம்பல் பிரைமர். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"இந்தக் கைக்கா?"

என்னவென்று சொல்ல? கார் செய்கிறேன் என்றால் அடுத்த கேள்வி பையனுக்கா என்றுதான் வரும். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவள் ஒரு கை க்ரீம் சாம்பிள் பாக்கெட் வேறு இலவசமாகப் போட்டுவிட்டாள்.

கல்லுப்பட்டறை

அக்கா, அந்த பஃபரில் நாலாவது பக்கம் எத்தனை கிரிட் (உப்புத்தாளின் நைசு நம்பர்) என்று போட்டிருக்கிறதா?

அரூர் அக்கா

நம்பர் எதுவும் இல்லை தம்பி, "ஷைன்" என்று மட்டும் அச்சடித்திருக்கிறது. ஒன்று அனுப்பி வைக்கிறேன், மாமாவிடம் கொடுத்துக் கேட்டுச் சொல்லுங்கள்.