தோல் கெடாமல் சுடும் குண்டு: ஆல்பர்ட்டாவில் பார்த்ததும் சித்தூரில் பொருந்தியதும்

தோல் கெடாமல் சுடுவதற்கு எந்தக் குண்டு நல்லது என்று பாலக்காடு மாவட்டச் சித்தூரை அடுத்த கொழிஞ்சாம்பாறையிலும் பொள்ளாச்சியிலும் என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோர், வெளிநாட்டு நரி வேட்டைக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். விடையையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். ஈயத்தை முழுவதும் செம்பால் மூடிய, முழு உறை போட்ட சிறிய குண்டாக இருந்தால் ஊசித் துளை போட்டுக்கொண்டு போய்விடும், தோல் பிழைக்கும் என்பது அவர்கள் கணக்கு. நான் பார்த்த அளவில் இந்தக் கணக்கு தலைகீழானது. தோலைக் காப்பாற்றுவது உடலைக் கடந்து செல்லும் குண்டு அன்று, உடலுக்குள்ளேயே உடைந்து முடிந்துபோகும் குண்டுதான். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நம் நாட்டில் நரி, குள்ளநரி, காட்டுப்பூனை எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, அவற்றைச் சுடுவது மட்டுமல்ல, தோலை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். ஆகவே தோல் பற்றி நான் எழுதுவதெல்லாம் கனடாவில் பார்த்தது.

என் அக்கா மகன் ஆல்பர்ட்டாவில் குடியேறி, துப்பாக்கி உரிமம் பெற்று, குளிர்காலத்தில் பண்ணைக்காரர்களின் அனுமதியோடு கயோட்டி சுடுகிறவன். கயோட்டி என்பது நம் குள்ளநரியைவிடச் சற்றுப் பெரிய, நாய்க் குடும்பத்து விலங்கு. எடை பெரும்பாலும் 10 முதல் 20 கிலோ வரை இருக்கும். மாடுகள் கன்று ஈனும் காலத்தில் தொழுவத்தைச் சுற்றி வருவதால் பண்ணைக்காரர்களே வந்து சுடச் சொல்கிறார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மயிர் அடர்ந்திருக்கும்போது கிடைக்கும் தோலுக்கு மட்டுமே சந்தை உண்டு. குளிர்ச்சட்டைத் தொப்பியின் விளிம்புக்காக இந்த மயிரைப் பெருமளவில் வாங்கிவந்த கனடா கூஸ் நிறுவனம், 2021 இறுதியோடு மயிர் வாங்குவதையும் 2022 இறுதிக்குள் அதை வைத்துத் தைப்பதையும் நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. இப்போது கிடைக்கும் விலைக்கு ஓட்டை விழுந்த தோலை யாரும் சீண்டுவதில்லை என்று அவன் குறைபட்டுக்கொள்கிறான்.

குண்டு என்ன செய்தது என்பது உரிக்கும்போதுதான் தெரிகிறது. பின்கால்களில் தொங்கவிட்டு, தோலைச் சட்டை கழற்றுவதுபோல் உட்புறம் வெளியே வரும்படி இழுத்து உருவுகிறார்கள். வெளியே மயிருக்குள் விரலால் துழாவினாலும் அகப்படாத நுழைவுத் துளை, உட்புறத்தில் தீக்குச்சி முனையளவு கருஞ்சிவப்புப் புள்ளியாகத் தெரிந்தது. மறுபுறத் தோலில் ஒரு கீறலும் இல்லை. நெஞ்சுக்கூட்டைத் திறந்தபோது நுரையீரல் கூழாகக் கிடந்தது. செம்பு உறையின் துணுக்குகள் நகத்தளவுகூட இல்லாமல் விலா எலும்பின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்தன. அடுத்து உரித்தது, வேறொருவர் தோள்பட்டையில் சுட்டுக் கொடுத்தது. அதில் நுழைந்த இடத்திலேயே உள்ளங்கையளவு தோல் கிழிந்து, எலும்புத் தூளும் மயிரும் குழம்பியிருந்தன. "மாமா, ரெண்டும் ஒரே டப்பாவில் எடுத்த தோட்டாதானுங்க" என்றான். மெல்லிய உறைக் குண்டு கெட்டியான எலும்பில் மோதினால் உள்ளே போகும் முன்பே வெடித்துவிடுகிறது. விலங்குக்கும் அது உடனடிச் சாவு அன்று என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. சிறிய கிழிசலாக இருந்தால் உட்புறத்திலிருந்து நெருக்கமாகத் தைத்து மறைக்கிறார்கள். உள்ளங்கையளவு போனதைத் தைத்தும் பயனில்லை.

இதற்கென்றே செய்யப்படும் குண்டுகள் உண்டு. ஹார்னடியின் வி-மேக்ஸ், நாஸ்லரின் பாலிஸ்டிக் டிப், சியெராவின் பிளிட்ஸ்கிங் ஆகியவற்றில் செம்பு உறை மிக மெல்லியது. மூக்கில் ஒரு பிளாஸ்டிக் முனை இருக்கும். உடலில் பட்டதும் அந்த முனை பின்னால் தள்ளப்பட்டு ஈயத்தைப் பிளக்கிறது. .204 ரூகர் என்னும் தோட்டா 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம் குண்டை நொடிக்கு ஏறத்தாழ 1,190 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. அந்த வேகத்தில் விலா எலும்புகளுக்கு நடுவே நுழைந்தால் அது மறுபக்கம் வருவது அபூர்வம். .17 ரெமிங்டனின் 20, 25 கிரெய்ன் குண்டுகள் நரிக்கு மிக நேர்த்தியானவை. ஆனால் கயோட்டி பெரிதாகவும் காற்று பலமாகவும் இருந்தால் எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை.

நம்மவர்கள் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. .223 ரெமிங்டன், .22-250 ரெமிங்டன் என்னும் இரண்டு தோட்டாக்களிலும் ஒரே 55 கிரெய்ன் குண்டை வைக்கலாம். முதலாவதில் அது நொடிக்கு 990 மீட்டர் அளவில் புறப்படுகிறது, இரண்டாவதில் 1,120 மீட்டர் அளவில். குண்டு ஒன்றே என்றாலும் நூறு மீட்டரில் .22-250இல் சுட்டது உள்ளேயே நொறுங்கும். .223இல் சுட்டது பாதி விரிந்து, மறுபுறம் நாணயமளவு துளை போட்டு வெளியேறக்கூடும். தூரம் கூடினால் வேகம் குறைந்து, .22-250இன் குண்டும் .223இன் குண்டைப் போல நடக்கத் தொடங்கும். எனவே எந்தத் துப்பாக்கி என்று கேட்பதைவிட, அந்தக் குண்டு விலங்கைத் தொடும்போது என்ன வேகத்தில் இருக்கும், அந்த உடல் எவ்வளவு தடிமன் என்று கேட்பதே முறை. நரியின் மெலிந்த மார்பில் வெளியேறிவிடும் குண்டு கயோட்டியின் மார்பில் தங்கிவிடும். அக்கா மகன் நேர் எதிரே நிற்கும் கயோட்டியை மார்புக்குழியில் சுடவே விரும்புகிறான்; உடலின் நீளம் முழுவதும் குண்டுக்கு முன்னால் இருப்பதால் அது வெளியேற வழியில்லை.

முழு உறைக் குண்டுக்கு வருகிறேன். அது சிறு துளையோடு கடந்து செல்வது உண்மைதான், ஆனால் எப்போதும் அன்று. வேகம் மிகுந்திருக்கும் கிட்டத்துத் தூரத்தில் .223இன் முழு உறைக் குண்டு உடலுக்குள் புரண்டு, உறையைச் சுற்றி ஓடும் பள்ளக்கோட்டில் முறிந்து, பெரிய துளையோடு வெளியேறுவது உண்டு. வேகம் இறங்கிய பின் புரளாமல், உடையாமல் ஊசிபோல் கடக்கிறது. அப்போது தோல் பிழைக்கிறது, ஆனால் அடிபட்ட விலங்கு புதருக்குள் ஓடி, கண்ணுக்கு எட்டாத இடத்தில் மணிக்கணக்கில் துடித்துச் சாகிறது. அந்தத் தோல் சுட்டவன் கைக்கும் வருவதில்லை. வெளியேறும் குண்டு எங்கே போய் முடிகிறது என்பதும் யாருக்கும் தெரியாது. இந்தக் காரணங்களுக்காகவே நான் அதை ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

எங்கள் ஊரில் தோல் ஒரு பொருட்டே அன்று. கேரள அரசு 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்த பிறகு, பட்டியலில் உள்ள துப்பாக்கி உரிமதாரர்கள் பஞ்சாயத்து உத்தரவின்பேரில் விளைநிலத்தில் இறங்கும் காட்டுப்பன்றியைச் சுடலாம். உடலை முறைப்படி புதைத்துவிட வேண்டும். எல்லைக்கு அப்பால் கோவை மாவட்டத்தில் நிலம் வைத்திருக்கும் என் பங்காளிகளுக்கு இது கிடையாது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அறிவித்த முறையில், காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் மட்டுமே சுடலாம், அதையும் வனத்துறையே செய்யும். இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை.

ஆனாலும் குண்டு உடலுக்குள் நிற்க வேண்டும் என்ற தேவை இங்கேயும் அப்படியே இருக்கிறது, காரணம்தான் வேறு. கருக்கலில் பன்றி நிலக்கடலைக் காட்டிலிருந்து திரும்பும் நேரமும், கள் இறக்குபவர்கள் தென்னையில் ஏறும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. வரப்பில் சைக்கிள் நிற்கும். ஆள் எந்த மரத்தில் என்று தெரியாது. என் பன்னிரண்டு போர் (12 bore) துப்பாக்கி, ஒரே தோட்டாவில் பல ஈய ரவைகளை அனுப்பும் வகை. அதற்கு எஸ்.ஜி., எல்.ஜி. என்னும் இரண்டு அளவு ரவையும் ஒற்றைக் குண்டும் கிடைக்கும். எஸ்.ஜி. ரவை ஒன்றின் எடை ஏறத்தாழ 55 கிரெய்ன். அந்தக் கயோட்டிக் குண்டின் எடையேதான். ஆனால் அதன் வேகம் நொடிக்கு 400 மீட்டரை ஒட்டியதுதான். அது உடையாது, கொத்தாகச் சென்றால்தான் வேலை செய்யும். முப்பது மீட்டருக்குள் முன்காலுக்குப் பின்னால் கொத்தாக விழுந்தால் பன்றி அங்கேயே சரிகிறது. ரவைகளில் பல உள்ளேயே தங்கிவிடுகின்றன. அதற்கு மேல் கொத்து விரிந்து, ஓரிரு ரவைகள் மட்டும் பட்ட பன்றி ஓடிவிடும் என்பதால் நான் சுடுவதில்லை. கரும்புக்குள் போன காயப்பட்ட பன்றியைத் தேடிப் போவது வேறு வகை ஆபத்து. ஒற்றைக் குண்டு பன்றியைக் கடந்த பின்னும் வலுவோடு செல்லும் என்பதால், மூலத்தறைக் கால்வாயின் மண்கரை பின்னால் இருக்கும்போது மட்டுமே அதைக் குழலில் இடுகிறேன். சமவெளி வயலில் எஸ்.ஜி. மட்டும்தான், அதுவும் எந்தெந்த மரத்தில் ஆள் இருக்கிறார் என்று கள் இறக்குபவரிடம் முதல்நாள் மாலையே கேட்டு வைத்துக்கொண்டு.