முல்லைத்தீவுக் கடற்கரையில் வான் வண்டியை மணலில் இறக்கலாமா?

நெளுக்குளத்தாள்:
ஆகஸ்ட் விடுமுறையில் ஒரு நாள் முல்லைத்தீவுக்குப் போக இருக்கிறோம். நான், அவர், அம்மா, சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். விடிய வெளிக்கிட்டு நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் வழியாக வருவோம். அம்மாவுக்கு மணலில் நடக்க ஏலாது, அதனால் வானைத் தண்ணீர்க் கரை வரைக்கும் விடலாம் என்கிறார் அவர். மகள் ஆமை பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். சாப்பாடு வீட்டிலிருந்தே கட்டுவோம். வேறு என்ன கவனிக்க வேண்டும்?

அலம்பில்காரன்:
தங்கச்சி, வானைத் தார் ரோட்டிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். புதைந்தால் இழுக்க எங்களைத்தான் கூப்பிடுவீர்கள், அது ஒரு பக்கம். கரை மேட்டில் அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்து கிடக்கும். மணலைப் பிடித்து வைத்திருப்பது அதுகள்தான். சில்லு ஏறி ஏறி வேர் அறுந்த இடத்தில், வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று தொடங்கியதும் மணல் பறக்கும், பிறகு கடல் அரிக்கும். 2004 சுனாமியைப் பார்த்த ஊர் இது, மேடு கரைவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் வராது. அம்மாவுக்கு ஒரு பிளாஸ்ரிக் கதிரை கொண்டு வாங்கோ. தூக்கி வைக்கக் கரையில் ஆளா இல்லை?

ஆமையைப் பகலில் காண்பது அரிது. பெரும்பாலும் இரவில்தான் கரையேறி முட்டையிடும். விடியற்காலையில் வந்தால், அதிர்ஷ்டம் இருந்தால், உழவு மெசின் சில்லு போன மாதிரித் தடம் தெரியும். அந்த இடத்தைக் கிண்ட விடாதீர்கள். ஆமையும் முட்டையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. பொரிக்கிற குஞ்சு வெளிச்சம் தெரிகிற பக்கம்தான் ஓடும். ஆகவே இரவு தங்கினாலும் கரையில் ரோச் அடிப்பது, நெருப்பு மூட்டுவது வேண்டாம்.

என்னைக் கேட்டால் மகளுக்குக் கரையில் நின்று கரைவலை இழுப்பதைக் காட்டுங்கள். மீன் சேர்ந்த வலை மடி கரைக்கு வரும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் வலைக்குள் கை போடக் கூடாது. கடற்பாம்புக்கு நஞ்சு இருக்கிறது, திருக்கையின் வாலில் முள் இருக்கிறது. கயிறு இறுகி இருக்கும்போது அதைத் தாண்டவும் விடாதீர்கள்.

தென்மேற்குக் காற்று வீசுகிற இந்தச் சோளகக் காலத்தில் எங்கள் பக்கக் கடல் வாடைக் காலத்தைப் போல அடிக்காது. அதை நம்பி ஆழத்துக்குப் போகாமல் பிள்ளைகளின் முழங்கால் அளவோடு நிற்கட்டும். வட்டுவாகல், நாயாறு முகத்துவாரங்களில் குளிக்கவே வேண்டாம், இழுவை அதிகம். இழுத்துவிட்டால் நேரே கரைக்கு நீந்திக் களைக்காமல், கரையோரமாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும்.

மாங்குளம் ரீச்சர்:
சாப்பாட்டை லஞ்ச் சீற்றில் கட்டாதீர்கள். வன்னியில் தாமரை இலைக்கா பஞ்சம்? சீற்றைக் குப்பைத் தொட்டியில் போட்டாலும் நாயும் காகமும் இழுத்துப் பரப்பிவிடும், மிச்சத்தைக் காற்று கடலுக்குக் கொண்டு போகும். தண்ணீரில் மிதக்கிற பொலித்தீனைக் கடல் சொறி (ஜெல்லி மீன்) என்று நினைத்து ஆமை விழுங்குகிறது. இதை மகளிடம் சொல்லிப் பாருங்கள், சொப்பிங் பையோடு அவளே பின்னால் திரிந்து பொறுக்குவாள்.

இன்னொன்று. முள்ளிவாய்க்கால் பக்கம் போனால் வானில் பாட்டை நிறுத்திவிடுங்கள். 2009 போரில் சனம் பிள்ளைகளைப் பறிகொடுத்த மணல் அது.

நெளுக்குளத்தாள்:
நிறுத்துவோம் ரீச்சர். கதிரைக்கு அம்மா சம்மதம், வான் ரோட்டில்தான் நிற்கும். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் இறங்கிக் கும்பிட வேண்டுமாம். கோயில் பொங்கலுக்கு விளக்கெரிக்க உப்புநீர் எடுப்பது இந்தக் கடலில்தானே என்று அண்ணாவிடம் கேட்கச் சொல்கிறார்.

அலம்பில்காரன்:
இதே கடல்தான் என்று சொல்லுங்கள். வைகாசியில் வந்தால் சனத்துக்குள் நிற்க இடம் கிடையாது, ஆகஸ்டில் ஆறுதலாகக் கும்பிடலாம். கும்பிட்டுவிட்டுக் கரைக்கு வர வெயில் ஏறிவிடும், அதனால் முதலில் கடல், பிறகு கோயில். உப்புக் கழுவ இரண்டு கலன் நல்ல தண்ணீரும் வானில் ஏற்றிக் கொண்டு வாங்கோ.