'ஊடுருவா' வேண்டாம், 'கீறா' போதும்

வணக்கம் ஐயா,

சுட்ட காயம் எவ்வளவு ஆழம்னு தோல வெட்டாம வெளிச்சத்த வச்சே படமெடுத்துப் பாக்குறாங்கல்ல (noninvasive optical imaging of burns), அதுக்குத் தமிழ்ப் பேரா நேத்து நீங்க போட்ட தீக்காய 'ஊடுருவா ஒளியியல் படிமமாக்கல்' பத்திதான். சொல்லு கம்பீரமா இருக்கு, ஆனா உள்ள ஊடுருவுறதே அந்த வெளிச்சம்தானே? லேசர் தோலுக்குள்ள போயி, ஓடுற ரத்த அணு மேல பட்டு, அதிர்வெண் கொஞ்சம் மாறி திரும்பி வருது, அத வச்சுதான் அங்க ரத்தம் ஓடுதா இல்லையான்னு கண்டுபிடிக்கிறாங்க (நம்ம ஸ்டேஷன்ல நிக்காம போற ரயிலோட ஹார்ன் சத்தம் தாண்டுறப்ப மாறும்ல, அதே டாப்ளர்தான்). வெட்டல, குத்தல, தொடக்கூட இல்ல. அதனால 'கீறா'.

அடுத்து 'தீக்காயம்'. இங்க மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல ஒரு கிளினிக்ல கட்டுப்போடுற வேலை எனக்கு, வர்றதெல்லாம் மோட்டர் சைலன்சர், சுடுதண்ணி, எண்ணெய், இதுல தீ எங்க இருக்கு? தோட்டத்துப் பாட்டிங்க 'சுட்ட புண்ணு'ன்னுதான் சொல்லுவாங்க. 'சுடுபுண்'ணே வைப்போம்.

'படிமம்', அதாவது படம், எனக்கு ஒட்டல. தீபாவளிக்கு முன்ன ஒரு அக்கா முறுக்கு எண்ணெய் கொட்டி முன்கையோட வந்தாங்க. விரலால அமுக்கி எடுத்தா ஒரு எடம் வெளுத்து ஒடனே செவக்குது, பக்கத்துல வெளிறிப்போன எடம் அசையவே இல்ல, நடுவுல அம்பது காசு அகலத்துக்கு ரெண்டுங்கெட்டான். தானா ஆறுமா, தோல் வச்சு ஒட்டணுமா? டாக்டரே யோசிச்சு ஈப்போவுக்கு அனுப்பிட்டாரு. பழுத்த டாக்டர் கண்ணுக்கே புண்ணோட ஆழம் 100க்கு 60லேர்ந்து 75தான் சரியா வரும், மேல சொன்ன அந்த லேசர் டாப்ளர் மெஷின்ல 95க்கு மேல, ஆனா சுட்ட ஒடனே எடுத்தா தப்பாக் காட்டும், 2 நாள் கழிச்சு 5 நாளுக்குள்ள எடுக்கணும். படத்துல செவப்பு வந்தா சந்தோஷப்படணும், ரத்தம் ஓடுது, 14 நாள்ல ஆறிடும். நீலம்னாதான் வயித்த கலக்கும், 21 நாளுக்கு மேல இழுக்கும். ஆக அங்க தேடுறது படத்த இல்ல, ஆழத்த. அதான் 'ஆழங்காணல்'.

டாப்ளர் ஆழத்த நேரா அளக்கல, ரத்த ஓட்டத்த பாத்து கணிக்குதுன்னு யாராச்சும் சண்டைக்கு வருவீங்க, சரிதான், ஆனா தோல ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் வரைக்கும் அடுக்கடுக்கா காட்டுற மெஷினும் இருக்கே, ரெண்டுக்கும் பொதுவா ஒரு பேரு வேணுமில்ல.

என் கணக்கு: 'சுடுபுண் கீறா ஒளிவழி ஆழங்காணல்'. ஒளின்னாலே கீறாதுதானே, 'கீறா'வ எடுத்துடலாம்னு நம்ம குழுவுல ஒரு தம்பி எழுதியிருந்தாரு. எடுக்காதீங்க தம்பி, லேசர வச்சு வெட்டுறதும் உண்டு. நீளமா இருக்குன்னா 'சுடுபுண்'ண வேணா எடுங்க, தலைப்புலயே இருக்கப்போகுது.

ஞாயித்துக்கெழம எனக்கு டியூட்டி இல்ல, மறுப்பு இருந்தா அதுக்குள்ள போடுங்க.