துள்ளியெழும் ஒரு சொல்

பதினைந்து ஆண்டுகளாகத் திருகோணமலையில் என் வீட்டில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு மாணவன் கேட்ட கேள்வியை உங்களோடு பகிர்ந்தே ஆக வேண்டும்.

சுற்றுலாக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கக் கொடுத்திருந்தேன். எங்கள் ஊருக்கு அருகே கன்னியாவில் உள்ள வெந்நீர்க் கிணறுகளை ஆங்கிலத்தில் 'ஹொட் ஸ்பிரிங்ஸ்' என்பார்கள். அவன் 'கன்னியாவின் சூடான வசந்தங்கள்' என்று எழுதியிருந்தான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். 'வெந்நீரூற்று' என்று திருத்திவிட்டு அடுத்த கொப்பியை எடுத்தேன். அவன் விடவில்லை. "ஊற்றும் ஸ்பிரிங், வசந்தமும் ஸ்பிரிங், அப்பாவின் ஓட்டோவுக்கு அடியில் இருப்பதும் ஸ்பிரிங். ஏன் டீச்சர்?"

பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இத்தனை காலமும் ஒரே சொல்லை மூன்றாகப் பிய்த்து மனப்பாடம் செய்யவைத்திருக்கிறேன் என்பது அன்றிரவு அகராதியைப் பிரித்தபோதுதான் உறைத்தது. பழைய ஆங்கிலத்தில் அது 'துள்ளியெழு' என்ற வினை. நீர் துள்ளியெழும் இடம் ஊற்று. குளிரில் மொட்டையாக நின்ற மரத்தில் இலை துள்ளியெழும் காலம் வசந்தம். கச்சான் காற்றில் வளரும் நம் பிள்ளை அந்தக் காலத்தை எங்கே கண்டான்! அழுத்திவிட்டால் துள்ளுவது சுருள் கம்பி.

அடுத்த சனிக்கிழமை எல்லோரையும் கன்னியாவுக்கு அழைத்துப்போனேன். ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இறந்தவருக்கான அந்தியேட்டிச் சடங்குக்கு வந்திருந்த குடும்பம் நீராடி முடிக்கும்வரை ஒதுங்கி நின்றோம். பிறகு அவன் வாளியால் அள்ளி அள்ளித் தலையில் ஊற்றினான். "அள்ள அள்ள எழும்பி வருகிறது, டீச்சர்!" என்றான். நான் மேற்கொண்டு எதுவும் விளக்கவில்லை.

* * *

டீச்சருக்கு வணக்கம். துறைமுகத்தில், கப்பல்களைக் கரையோடு பிணைக்கும் கயிறுகளோடு வேலை பார்த்தவன் நான். எங்களிடமும் ஒரு ஸ்பிரிங் உண்டு: இறங்குதுறையில் நிற்கும் கப்பல் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துவைக்கும் கயிறு. அமாவாசை, பூரணையை ஒட்டிக் கடல் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஏறி இறங்குவதையும் 'ஸ்பிரிங் டைட்' என்பார்கள். மாதம் இருமுறை வரும். அதை வசந்தகாலத்தில் மட்டும் வருவது என்று எழுதி என் மகள் பரீட்சையில் புள்ளி இழந்தாள். அந்தத் தம்பியிடம் இவற்றையும் சொல்லிவிடுங்கள்.