மூட்டை தூக்குகிற பலம் ஈட்டிக்கு உதவுமா?

கொட்டகலைக்காரன்:
வலய மட்டப் போட்டி முடிந்து இரண்டு நாளாகியும் மனசு ஆறவில்லை, அதனால் இங்கே போடுகிறேன். எங்கள் தோட்டத்துப் பையன், பதினேழு வயது, லீவு நாளில் அப்பாவோடு கொழுந்து மூட்டை சுமக்கிறவன். கை இரண்டும் கவ்வாத்துக் கத்திப் பிடி மாதிரி இறுகியிருக்கும். ஈட்டியில் 41 மீட்டர். அடுத்து வந்தவன் காற்றடித்தால் சாய்ந்துவிடுவான் போல ஒரு உடம்பு, 49 போட்டான். "பலம் பத்தாது, இன்னும் வெயிட் தூக்கு" என்று பயிற்றுவிக்கிறவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோளாறு கையில் இல்லை, எறியும்போது முன்னால் ஊன்றுகிற முன்காலில் என்பது என் கட்சி.

இரும்புப்பிரியன்:
அவர் சொன்னதில் என்ன பிழை? வேகம் வேண்டுமென்றால் விசை வேண்டும், விசை தசையிலிருந்துதான் வரும். 2023இல் குண்டெறிதலில் 23.56 மீட்டர் போட்டு உலக சாதனை வைத்த ரயன் க்ரவுசரைப் பாருங்கள், ஆறரை அடிக்கு மேல் உயரம், ஆளே ஒரு மலை. ரொட்டியும் சம்பலும் தின்றுவிட்டு டெக்னிக் பேசிப் பிரயோசனம் இல்லை தம்பி.

கொட்டகலைக்காரன்:
அண்ணே, குண்டையும் ஈட்டியையும் ஒரே தராசில் வைக்காதீங்க. ஆண்கள் குண்டு 7.26 கிலோ, ஈட்டி 800 கிராம். முன்கால் ஊன்றியதிலிருந்து ஈட்டி கையை விட்டுப் போகும்வரை கிடைப்பது வினாடியில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் கொஞ்சம் கூட. தசை தன் முழு பலத்தைத் திரட்டவே அதைவிட இரண்டு மூன்று மடங்கு நேரம் கேட்கும், அதற்குள் ஈட்டி போய்விடும். ஓடி வருகிற உடம்பை முன்கால் சட்டென்று நிறுத்துகிறது. பஸ் திடீரென்று பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருகிறவனின் மேல்பாதி முன்னால் பாயுமே, அதே கதை. இடுப்பு முந்தித் திரும்பும், மார்பு பிந்தும், நடுவில் வயிற்றுத் தசை ரப்பர் போல இழுபட்டுச் சுண்டும், பிறகு தோள், முழங்கை, கடைசியாக விரல். கை வெறும் சாட்டை நுனி. 1996இல் 98.48 எறிந்த யான் செலஸ்னி ஒன்றும் பூதாகாரமான ஆள் இல்லை.

பழைய ஈட்டிக்காரி:
நீங்கள் இரண்டு பேரும் சண்டை பிடியுங்கள், நான் என் முழங்கையைப் பற்றிச் சொல்கிறேன். எனக்குச் சொல்லித் தந்தவர் வாயில் வந்ததெல்லாம் "கையால அடி" ஒன்றுதான். முழங்கை தோளுக்குக் கீழே தொங்க, பக்கவாட்டில் சுற்றி எறிவேன். சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற வருஷம் ஒருநாள் முழங்கையின் உள்பக்கம் 'டக்' என்றது. இன்றைக்கும் தேங்காய் துருவினால் வலிக்கும். காலும் இடுப்பும் கொடுக்காததை அந்த மூட்டைக் கட்டிப் பிடித்திருக்கிற நார்தான் கட்டியழுகிறது. டோக்கியோ பராலிம்பிக்கில் 67.79 எறிந்து தங்கம் வென்ற நம் இலங்கையின் தினேஷ் பிரியந்த ஹேரத்துக்கு ஒரு கை பாதிப்பு. எறியாத கையை உள்ளே இழுத்து இறுக்கினால்தான் அந்தப் பக்கம் நிற்கும் என்று சொல்லித் தருவார்கள், அது முழுசாக இல்லாமலே அவ்வளவு தூரம் என்றால் காலும் இடுப்பும் என்ன வேலை பார்த்திருக்கும்!

இரும்புப்பிரியன்:
சரி, முன்கால் என்றே வைத்துக்கொள்வோம். உடம்பு எடையைப்போல் பல மடங்கு அந்த ஒரு காலில் வந்து மோதுகிறது, அதைத் தாங்க பலம் வேண்டாமா? மூட்டையோடு படி இறங்குகிறவன் அடிக்கு அடி முன்காலில் பிரேக் போடுகிறான். நாங்கள் ஜிம்முக்குக் காசு கட்டி வாங்குவதை மலை அவனுக்குச் சும்மா தருகிறது.

கொட்டகலைக்காரன்:
இது நான் யோசிக்காத விஷயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படி இறங்கும்போது முழங்கால் மடங்கும், மடங்கத்தான் வேண்டும். ஈட்டியில் மடங்கினால் ஓட்டத்தின் வேகம் அங்கேயே கரைந்துவிடும். போனில் எடுத்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன்: குதிகால் படுகிறது, முழங்கால் மடங்குகிறது, இடுப்பு உட்காருகிறது. அச்சு அசலாக மூட்டை இறக்குகிற ஆள். வருஷக்கணக்கான பழக்கம்.

லிந்துலை மழை:
கிரவுண்டை யாருமே பேசவில்லையே. ஈரப் புல், தேய்ந்த கேன்வஸ் சப்பாத்து. காலை நீட்டி ஊன்றினால் வழுக்கி விழுவான், அந்தப் பயத்தில் மடக்குகிறான். ஈட்டிச் சப்பாத்தில் குதிகாலிலும் ஆணி வைப்பது அழகுக்கா? அப்புறம் ஒரு சந்தேகம், நுவரெலியா 1868 மீட்டர் உயரம், காற்று மெலிசு. அங்கே எறிந்தால் கூடப் போகாதா?

பழைய ஈட்டிக்காரி:
குண்டுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. பரிதிவட்டம், அதாவது வட்டெறிதல் தட்டு, எதிர்க்காற்றில்தான் நன்றாகப் போகும், காற்று அதைத் தாங்கிப் பிடிக்கிறது. காற்று மெலிந்தால் அந்தத் தாங்கலும் குறையும்.

இரும்புப்பிரியன்:
முதலில் 45 பாகையில் எறியப் பழக்குங்கள். புத்தகத்திலேயே இருக்கிறது.

கொட்டகலைக்காரன்:
அது தரைமட்டத்திலிருந்து கிளம்பும் பந்துக்கு அண்ணே. 1.8 மீட்டர் உயரத்திலிருந்து வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஒரு பிள்ளை குண்டு போடுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 45 பாகைக்கு 11.75 மீட்டர், 38 பாகைக்கு 11.82. ஒரு சாண்கூட வித்தியாசம் இல்லை. அதே 38 பாகையில் வேகத்தை 11 ஆக்கினால் 13.9க்கு மேல். போதாததற்கு, மேல்நோக்கித் தள்ளத் தள்ள மனுஷனால் கொடுக்க முடிகிற வேகமும் குறையும்.

இரும்புப்பிரியன்:
கணக்குப் பிழையில்லை, நானும் போட்டுப் பார்த்தேன். ஆனாலும் அந்த 10ஐ 11 ஆக்குவதற்குப் பலம் வேண்டும் என்பதை நான் விடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு வாங்க. என்னிடம் ஆணிச் சப்பாத்து ஒரு சோடி இருக்கிறது, எட்டாம் நம்பர். ஓட்டமே வேண்டாம், மூன்றே அடி வைத்து முழங்கால் மடக்காமல் எறியட்டும், பக்கத்தில் நின்று வீடியோ எடுப்போம். 41ஐத் தாண்டினால் டீ என் செலவு.

லிந்துலை மழை:
மூன்று அடியில் 41 எங்கே தாண்டுவது, டீச் செலவு மிச்சம் என்று பார்க்கிறீர்கள். அவன் கால் ஒன்பதாம் நம்பர், அதையும் சொல்லிவிடுகிறேன்.