பேரழிவுக்கு 20 வருஷம் கழித்து: சேலம் மேப்பில் எந்தப் பொருள் செல்லும், எது செல்லாது?

மூக்கனேரி:

வணக்கமுங்க. அணு விபத்துக்கு 20 வருஷம் கழித்து நடக்கிற மாதிரி, 16 பேர் சேர்ந்து ஆடும் ரோல்பிளேயிங் கேம் ஒன்று செய்கிறோம். மேப் சேலம் ஜங்ஷனில் தொடங்கி மாக்னசைட் சுரங்கம், அடிவாரம், 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு ஏரி, சேர்வராயன் கோயில் வரை போகும். ஆட்டத்தில் 1 நாள் என்றால் நிஜத்தில் 48 நிமிஷம்.

சிக்கல் முழுக்கத் தின்பது, குடிப்பது, எரிப்பது மாதிரியான பொருட்களில்தான். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் எல்லாம் சுத்தம். அயோடின் மாத்திரை போட்டால் கதிர்வீச்சு இறங்கும். பெட்ரோல் கேனும் இன்வெர்ட்டர் பேட்டரியும் கிடைத்தால் கரண்ட். மாக்னசைட் கல்லிலிருந்து தீமூட்டி. ஆடிப் பார்த்தவர்கள் 2 மணி நேரத்தில் எல்லாவற்றையும் 99, 99 ஆக அடுக்கிவிட்டார்கள். அதற்கப்புறம் யாருக்கும் யாரும் தேவைப்படவில்லை. எடையை ஏற்றினோம், விலையை ஏற்றினோம், பலன் இல்லை. எதைத் தூக்கலாம், எதை வைக்கலாம்?

அடிவாரம்20:

எடையும் விலையும் அப்புறம். முதலில் அந்த 20 வருஷத்தைப் பிடிங்க, பட்டியலில் பாதியை அதுவே கழித்துவிடும்.

அயோடின் மாத்திரையைத் தூக்கிடுங்க. பெரியவர்களுக்கு 130 மில்லிகிராம், ஒரு நாளைக்குத் தைராய்டைக் காக்கும். அதுவும் கதிரியக்க அயோடினிடமிருந்து மட்டும்தான். அயோடின்-131-இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், 8 நாள்; 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். 20 வருஷம் கழித்து அந்த மாத்திரைக்கு வேலையே கிடையாது. அப்போதும் மண்ணில் கிடப்பது சீசியம்-137. அரை ஆயுள் சுமார் 30 வருஷம், அதனால் இன்னும் 63 சதவீதம் பாக்கி இருக்கும். அதற்கான மருந்து பிரஷ்யன் நீலம். குடலில் சீசியத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறும். பெரியவர்களுக்கு வேளைக்கு 3 கிராம், நாளைக்கு 3 வேளை, குறைந்தது 30 நாள். உடம்பிலுள்ள சீசியம் பாதியாகக் குறைய 110 நாள் ஆவது சுமார் 30 நாளாகும். மலச்சிக்கல் வரும், பொட்டாசியம் குறையலாம். உங்க கணக்கில் 30 நாள் என்பது நிஜத்தில் 24 மணி நேரம். ஒரு சொடுக்கில் தீரும் மருந்தாக வைக்காமல், வேளை தவறாமல் போட வேண்டிய மருந்தாக வைங்க. அதே பெயரில் பெயின்ட் கடையில் கிடைக்கும் நீலத்தை யாராவது தின்றால் அது மருந்தாகக் கூடாது.

தண்ணீர். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், சீசியமோ ஃபுளோரைடோ போகாது. நீர் ஆவியாவதால் செறிவு கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதிக்கும். கிருமிக்கு அது போதும், தளதளவென்று 1 நிமிஷம் கொதித்தால் சரி. இடிப்பது சோற்றில்தான். அரிசி, பருப்பு வேக நேரமும் விறகும் கூடும். அங்கேதான் குக்கருக்கு மதிப்பு: மேலே குண்டு போட்டால் மலையிலும் உள்ளே 118 டிகிரி வரை ஏறும். ஆனால் 20 வருஷத்தில் ரப்பர் கேஸ்கட் இறுகி வெடித்துப் போயிருக்கும். குக்கர் எங்கும் கிடைக்கட்டும், நல்ல கேஸ்கட் அரிதாக இருக்கட்டும்.

விறகுக்கும் கணக்கு வைங்க. 1 லிட்டரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 300 கிலோஜூலுக்குச் சற்று மேல் ஆகும். மூன்று கல் அடுப்பில் சூட்டில் பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குப் போகும் என்று வைத்தால் 200 கிராம் விறகு. 15 லிட்டர் குடத்துக்கு 3 கிலோ. இதை வைத்தாலே ‘கொதிக்க வை’ பட்டனை யோசித்துத்தான் அழுத்துவார்கள்.

விறகு இல்லாதவனுக்குக் குளோரின். பழைய பிளீச்சிங் பவுடர் உதவாது, காற்றும் ஈரமும் பட்டு வீரியம் எப்போதோ போயிருக்கும். புதிதாகத்தான் செய்யணும்: 1 லிட்டர் தண்ணீரில் 25 கிராம் உப்பு, சோலார் பேனலிலிருந்து நேர்மின்சாரம். சரியான கருவியில் லிட்டருக்கு 6 கிராம் அளவு குளோரின் கிடைக்கும். அதில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, 15 லிட்டர் குடத்துக்குப் போதும். கலங்கல் என்றால் வடிகட்டிவிட்டு இரண்டு டீஸ்பூன். ஊற்றி 30 நிமிஷம் விடணும், உங்க ஆட்டத்தில் அது 1 நிமிஷம். நேர்முனையில் இரும்பு ஆணி வைத்தால் ஆணிதான் கரைந்து துருவாகும், குளோரின் வராது. கரி முனை வேலை செய்யும், ஆனால் தேயும். ஹைட்ரஜன் வெளியேறுவதால் மூடிய அறையில் செய்பவனுக்கு வெடி அபாயம் வைங்க.

உப்பு எங்கிருந்து வரும்? சேலத்துக்குக் கடல் கிடையாது. வேதாரண்யம், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்துதான் வரணும். தண்ணீர், சோறு, கருவாடு, ஊறுகாய், பேதிக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் (1 லிட்டருக்கு சர்க்கரை 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், தலைதட்டி) என்று எல்லாம் அந்த ஒன்றில்தான் வந்து நிற்கும். உங்க ஆட்டத்தின் நாணயம் உப்புதான்.

மாக்னசைட் தீமூட்டி தப்பு. அந்தக் கல் மெக்னீசியம் கார்பனேட், தானாக எரியாது. சுட்டால் மெக்னீசியம் ஆக்ஸைடு, அது உலைக்குள் பதிக்கிற செங்கல்லுக்கு ஆகும். கொல்லர் உலையை மேம்படுத்தும் பொருளாக மாற்றிடுங்க.

களத்துமேடு:

மேலே சொன்னதோட சாப்பாட்டையும் சேர்த்துக்கோங்க. அரிசியை விட்டுட்டு குச்சிக்கிழங்கை (மரவள்ளி) பிடிங்க, சேலத்துக்கு அதுதான் சரி. தோண்டாம விட்டா மண்ணுக்குள்ளயே மாசக்கணக்கா இருக்கும், தோண்டினா 2, 3 நாள்ல உள்ளே கருநீலக் கோடு ஓடிக் கெட்டுப் போயிடும். 3 நாள்னா நிஜக் கணக்குல 144 நிமிஷம். அப்போ தோண்டுறதே ஒரு முடிவாயிடுது.

கசப்பு ரகத்துல சயனைடு விஷம் உண்டு. தோல்ல அதிகம். தோலைச் சீவி, சின்னத் துண்டா வெட்டி, 3 நாள் தண்ணியில ஊறப்போட்டு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு வேக வைக்கணும். வெட்டாம முழுக்கிழங்கா அவிச்சா விஷம் சரியா இறங்காது. அரைகுறையா பதப்படுத்தினதையே வாரக்கணக்குல தின்னு, பருப்பு, கறி, மீன் எதுவும் சேராட்டி கால் விளங்காமப் போற கோன்சோ நோய் வரும், அது திரும்பாது. ‘வயித்துவலி -5’ன்னு போடுறதை விட இது நல்ல தண்டனை.

ஜவ்வரிசி ஆலை வேலையைக் கூட்டாச் செய்ய வைங்க: தோல் உரிச்சு, கழுவி, அரைச்சு, பால் வடிச்சு, மாவு அடியில தங்கினதும் ஜவ்வரிசியா உருட்டி, தட்டுல வறுத்து, களத்துல காய வைக்கணும். ஒருத்தனால எல்லாம் ஆகாது. காஞ்ச ஜவ்வரிசி வருஷக்கணக்கா நிக்கும், ஆனா வெறும் மாவுச்சத்து, 100 கிராமுக்கு சுமார் 350 கலோரி, புரதம் கிட்டத்தட்ட கிடையாது. மிஞ்சின திப்பி மாட்டுக்கு. மழை வந்தா களத்துல இருக்கிறது போச்சு.

இன்னொண்ணு, சாம்பல். மண்ணுல பொட்டாசியம் குறைஞ்சா செடி சீசியத்தைக் கூடுதலா உறிஞ்சும், அதனால சாம்பல் போட்டா நல்லதுதான். ஆனா கதிரியக்க அழுக்கு ஏறின காட்டு விறகோட சாம்பல்ல சீசியம் செறிஞ்சு நிக்கும். ‘சாம்பல்’னு ஒரே பொருளா வைக்காம, எந்தக் காட்டு விறகுன்னு பதிஞ்சு வைங்க.

செவ்வாய்பேட்டை:

பொருளெல்லாம் சரி, சர்வர் பக்கம் ஓட்டை விட்டால் 99 அடுக்கு திரும்ப வரும்.

கெட்டுப்போவதை நொடிக்கு நொடி குறைக்காதீர்கள். தோண்டிய நேரத்தை மட்டும் பதிந்து, பையைத் திறக்கும்போது கழித்துப் பார்த்தால் போதும். அடுக்குகளைச் சேர்க்கும்போதுதான் வம்பு. சராசரி வயது எடுத்தால், அழுகப்போகிற 5 கிழங்கோடு புதுசாக 5 போட்டதும் பத்தும் பாதி வயதுக்கு இளமையாகிவிடும். மூத்ததன் வயதை எடுத்தால், பொதுப் பெட்டியில் ஒருவர் ஒரு அழுகல் கிழங்கைப் போட்டே ஊர் இருப்பைக் கெடுப்பார். ஒரே ஆட்ட நாளில் தோண்டியது மட்டும் ஓர் அடுக்கு, அவ்வளவுதான்.

ஆட்டத்திலிருந்து வெளியேறியதும் பையின் நேரம் உறையக் கூடாது. உறைந்தால் ஒரே ஆள் திறந்து வைத்திருக்கும் இரண்டாம் கணக்குகள் எல்லாம் பிரிட்ஜ் ஆகிவிடும். நேரம் ஓடட்டும். 8 மணி நேரம் தூங்கினால் ஆட்டத்தில் 10 நாள், பையிலுள்ள கிழங்கு அழுகும். அதனால்தான் களத்துமேடு சொன்ன மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு முக்கியம்.

உபயோகிக்கும்போது எண்ணிக்கையைக் கழிப்பதும் பலனைக் கொடுப்பதும் சர்வரில் ஒரே பரிவர்த்தனையாக நடக்கட்டும், முதலில் கழிப்பு. ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கொடுங்கள். நெட் தடுமாறி அதே கோரிக்கை இரண்டு முறை வந்தால் இரண்டு மருந்து போகக் கூடாது.

மூக்கனேரி:

ரொம்ப நன்றிங்க. உப்பும் கேஸ்கட்டும் இன்றைக்கே ஏற்றுகிறோம். அந்த 20 வருஷக் கணக்குப்படி பெட்ரோல், பேட்டரி இரண்டையும் எடுத்துவிட்டால் ராத்திரிக்கு என்ன செய்வது?

அடிவாரம்20:

பேட்டரியை எடுக்க வேண்டாம், ஈயமாக வைங்க. 20 வருஷம் கிடந்த இன்வெர்ட்டர் பேட்டரியில் தட்டு சல்பேட் ஏறிச் செத்திருக்கும், சார்ஜ் நிற்காது. உருக்கினால் ஈயம், புகை நஞ்சு. சோலார் பேனல் பெரும்பாலும் பிழைக்கும், திறன் கொஞ்சம் குறைந்திருக்கும். அது பகலில் நேராகப் பம்பு ஓட்டட்டும், குளோரின் செய்யட்டும்.

ராத்திரிக்கு ஆமணக்கெண்ணெய் அகல். பெட்ரோலுக்குப் பதில் புங்கெண்ணெய்: 4 கிலோ விதையைச் செக்கில் ஆட்டினால் ஏறத்தாழ 1 லிட்டர். பழைய டீசல் எஞ்சின் அதில் ஓடும், ஆனால் எண்ணெய் கெட்டி. சைலன்சர் சூட்டில் 70, 80 டிகிரிக்குக் காய்ச்சி அனுப்பணும். பச்சையாக ஊற்றினால் எண்ணெயைத் தெளிக்கும் நாசில் பிசின் பிடித்து அடைத்துக்கொள்ளும். அடைத்த நாசிலைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஸ்பேனர் செட் ஒன்று, அதை 16 பேருக்கும் சேர்த்து இரண்டே இரண்டு வைங்க.