டிஸ்லெக்ஸியா: வகுப்பறைக்கு ஒரு சொல், சான்றிதழுக்கு ஒரு சொல்

குழுவினர்க்கு வணக்கம்.

டிஸ்லெக்ஸியாவுக்கு, அதாவது அறிவில் குறையில்லாத பிள்ளைக்கும் வாசிப்பு கடினமாக இருக்கும் நிலைக்கு, தமிழ்ச் சொல்லாக 'வாசிப்பிடர்' என்று நம் குழுவில் அண்ணாச்சி முன்மொழிந்ததை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. இடர் என்றால் இன்று பேரிடர்தான் நினைவுக்கு வருகிறது. 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு நம் குமரிக் கடற்கரையில் அந்தச் சொல்லின் கனமே வேறு. ஒரு தாயிடம் போய் "உங்க பிள்ளைக்கு வாசிப்பிடர்" என்று எந்த டீச்சரால் சொல்ல முடியும்?

இந்தச் சொல்லை முதலில் சொல்லப்போவது வகுப்பாசிரியர்தான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்ஸியா உள்ளிட்ட கற்றல் குறைபாட்டை 21 மாற்றுத்திறன் வகைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. பள்ளியே அதைச் சீக்கிரம் கண்டறிய வேண்டும் என்றும் சொல்கிறது. மூன்றாம் வகுப்பு அல்லது எட்டு வயது, எது முந்துகிறதோ அப்போது ஆசிரியரே முற்சோதனை செய்ய வேண்டும் என்றது 2018 மத்திய அரசு வழிகாட்டுதல். குறைபாடுதான் என்று உறுதி செய்வது மருத்துவரும் உளவியலாளரும். வேலை இரண்டு, ஆள் வேறு வேறு. அதனால் இரண்டு சொற்கள் வேண்டும் என்பது என் கட்சி.

ஆசிரியர் காண்பதற்கு 'வாசிப்புத் திணறல்'. "பிள்ளை வாசிக்கத் திணறுது" என்று ஏற்கெனவே எல்லாரும் சொல்வதுதான். தொடக்கத்தில் எல்லாப் பிள்ளையும் திணறுமே என்பீர்கள். ஆமாம், ஆசிரியர் தீர்ப்புச் சொல்லாமல் கண்டதை மட்டும் பதிய அந்த நெகிழ்வு தேவை. தமிழில் 'கடல்', 'மகன்', 'தங்கம்' மூன்றிலும் ஒரே ககரம், ஒலியோ மூன்று. விளவங்கோடு எல்லைப் பக்கம் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளை இதில் தடுமாறினால், "வீட்டுமொழிப் பழக்கம்" என்று விட்டுவிடுவது எளிது. சொன்ன கதையைத் தமிழில் பிசகாமல் திருப்பிச் சொல்லும் பிள்ளை, ஏட்டைத் திறந்ததும் திணறினால் அது வீட்டுமொழியால் வந்ததாக இருக்காது. ஆசிரியர் பயிற்சியில் இதற்கே கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும்.

மருத்துவர் உறுதி செய்ததற்கு 'எழுத்தொலிக் குறைபாடு'. பெரும்பாலும் சிக்கல் எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில்தான். கண்ணிலும் இல்லை, அறிவிலும் இல்லை. 1896இல் பிரிங்கிள் மார்கன் இதைப் பிறவிச் சொற்குருடு என்று எழுதினார். 'குருடு' என்று முடியும் எந்த ஆக்கமும் நமக்கு வேண்டாம். 'குறைபாடு' கடுமையான சொல்தான். ஆனால் தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கிடைப்பது சான்றிதழால். ஆகவே சான்றிதழில் மட்டும் அது இருக்கட்டும்.

தேரூர் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தோடு தொடர்புள்ளவர்கள் இங்கே இருந்தால், முதல் சொல்லை வகுப்பில் சொல்லிப் பார்த்து எழுதுங்கள். எழுதுவதில் வரும் இதுபோன்ற சிக்கலான டிஸ்கிராஃபியாவுக்கு 'எழுதுதல் திணறல்' என்பது நாவில் இடறுகிறது. அதற்கு யாரிடமாவது நல்ல சொல் உண்டா?